வண்ணப் படம் விடை ஆகாது!

இரவில் வீடு அடங்கிய பிறகு, உங்கள் வீட்டு ரிலே ஸ்டெபிலைசர் அருகே போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம் கேட்கும். உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது. இரும்புத் தகடுகளும் செம்புக் கம்பியும்தான். பிறகு சத்தம் எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பில் காந்தப்புலம் இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. ஒவ்வொரு உச்சத்திலும் இரும்புத் தகடுகள் மிக மிகச் சிறிய அளவு உருமாறித் திரும்புகின்றன. ஆகவே விநாடிக்கு 100 அதிர்வு. அதுதான் உங்கள் காதில் விழும் ரீங்காரம். காந்தம் இயந்திர அசைவாக மாறுவதை நீங்கள் காதாலேயே கேட்கிறீர்கள்.

உங்கள் ஸ்பீக்கரில் காகிதக் கூம்பை ஆட்டுவதும் காந்த விசைதான். ஹார்ட் டிஸ்க்கினுள் படிக்கும் முனையைச் சரியான தடத்துக்கு இழுத்துப் போவதும் ஒரு காந்தமும் ஒரு சிறு காயிலும்தான். இப்படிக் காந்தமும் அசைவும் கைகோத்து வேலை செய்யும் கருவிகளைச் செய்து பார்க்கும் முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் சிமுலேஷன். ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் மட்டுமே செய்த வேலை இது. இன்று இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டு மேஜையிலேயே நடக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சிவப்பும் நீலமும்

இறுதியாண்டு ப்ராஜெக்ட் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம் என்று இறங்கும் அழகான படங்கள் இருக்கும். "சிவப்பு உள்ள இடத்தில் காந்தப்புலம் அதிகம்" என்று கீழே ஒரு வரி. அடுத்த பக்கத்தில் இன்னொரு படம். கடைசியில் "எனவே இந்த வடிவமைப்பு சிறந்தது" என்று முடிவுரை. புத்தகம் பைண்டிங் ஆகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

அந்த மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்த விசை 5 நியூட்டன் என்று போட்டிருக்கிறாயே, அது 5-தான், 10 இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?" பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "சாப்ட்வேர் சொல்கிறது சார்."

இந்தப் பதில்தான் என் குறை. சாப்ட்வேர் எதையும் சொல்வதில்லை. நாம் கொடுத்த கேள்விக்கு விடை போடுகிறது, அவ்வளவுதான். தவறான கேள்வி கொடுத்தாலும் அதே அழகான சிவப்பிலும் நீலத்திலும்தான் படம் வரும். தவறான விடைக்குத் தனி நிறம் எந்த சாப்ட்வேரிலும் கிடையாது.

என் கருத்து இதுதான்: அளந்து பார்த்த விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை முதலில் போட்டு, அதில் தேறிய பிறகே தன் சொந்தக் கணக்கின் படத்தை ஒரு மாணவர் காட்ட வேண்டும். அதுவரை அது படம்தான், விடை அல்ல.

இதில் ஏன் இவ்வளவு கஷ்டம்?

காந்தக் கணக்கு மட்டும் என்றால் ஓரளவு சுலபம். பொருளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் புலத்தைக் கணக்கிடுவதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. கட்டடம், விமானம் போன்றவற்றின் பலத்தைக் கணக்கிட வந்த முறை இது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் 1970-ல் வெளியிட்ட கட்டுரை, இதை மின் இயந்திரங்களின் காந்தக் கணக்குக்குக் கொண்டுவந்த முன்னோடி வேலைகளில் ஒன்று.

ஆனால் பொருள் நகரத் தொடங்கினால் கதையே வேறு. காந்தப்புலம் விசையைத் தருகிறது. விசை பொருளை நகர்த்துகிறது. பொருள் நகர்ந்ததும் காந்தப்புலம் மாறிவிடுகிறது. புலம் மாறியதும் விசையும் மாறுகிறது. எது முதல், எது அடுத்தது என்று பிரிக்க முடியாது. பிரித்துப் போட்டால் சில சமயம் விடையே காணாமல் போய்விடும்.

ஒரு உதாரணம். செம்புக் குழாய்க்குள் ஒரு காந்தத்தை நிறுத்தி வைத்து விசையைக் கணக்கிடுங்கள். விடை பூஜ்யம். செம்பைக் காந்தம் இழுக்காது அல்லவா? அதே காந்தத்தைக் குழாய்க்குள் விழ விடுங்கள். கல் போல விழாது, மிதந்து மிதந்து இறங்கும். காந்தம் நகர்வதால் குழாய்ச் சுவரில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் காந்தத்தைத் தடுக்கிறது. அசைவே விசையை உண்டாக்குகிறது. அசைவைக் கணக்கில் சேர்க்காதவருக்குச் சாப்ட்வேர் நேர்மையாகப் பூஜ்யம் என்று காட்டிவிட்டுப் போய்விடும். குற்றம் அதனுடையது அல்ல.

விடை தெரிந்த ஒரு கேள்வி

இந்தத் துறையின் பெரியவர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு புரோகிராம் எழுதி "என்னுடையதே சரி" என்று சொன்னால் எதை நம்புவது? அதற்காக 1980-களில் 'டீம்' என்ற பெயரில் ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது. மின்காந்தக் கணக்கு முறைகளைச் சோதிப்பது என்பது அந்தப் பெயரின் விரிவு. பொதுவான சில கேள்விகளை எண் போட்டு வெளியிட்டார்கள். பல கேள்விகளுக்கு ஆய்வகத்தில் அளந்த விடைகளும் உண்டு. அவை இன்றும் காம்பியூமேக் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதில் 28-ஆவது கேள்வி நம் விஷயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டக் காயில்கள். உள்ளே இருப்பதில் 960 சுற்று, வெளியே இருப்பதில் 576 சுற்று. இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் 20 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். அவற்றின் மேல் 130 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் 107 கிராம் எடையும் உள்ள வட்டமான அலுமினியத் தட்டு. தொடக்கத்தில் அது காயிலுக்கு 3.8 மி.மீ. மேலே இருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் தட்டு எழும்பி, மேலும் கீழும் ஆடி, கடைசியில் ஏறத்தாழ 11.3 மி.மீ. உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது.

பாருங்கள், 11.3 மி.மீ. என்ற இந்த ஒரு எண்ணின் அருமையை! தட்டு அசையாமல் நிற்கிறது என்றால், அந்த உயரத்தில் சராசரி காந்த விசை அதன் எடைக்குச் சமம் என்று அர்த்தம். 107 கிராமுக்கு அது 1.05 நியூட்டன். உங்கள் கணக்கு 1.05-ஐ ஒட்டி வந்தால் சரி. 2 என்றோ 0.5 என்றோ வந்தால் எங்கோ தவறு. இங்கே தப்பிக்க வழியே இல்லை.

இதற்கு இலவச சாப்ட்வேரே போதும். டேவிட் மீக்கர் எழுதிய 'ஃபெம்' என்ற சாப்ட்வேர் விண்டோஸில் ஓடும். தட்டும் காயிலும் வட்டமானவை என்பதால் பாதிக் குறுக்குவெட்டை மட்டும் வரைந்தால் போதும். தட்டை 11.3 மி.மீ.-ல் வைத்து, 50 ஹெர்ட்ஸ் என்று கொடுத்து, சராசரி விசையைக் கேளுங்கள். சில விநாடிகளில் விடை வந்துவிடும்.

முதல் முறையே 1.05 வராமல் போகலாம். அதுதான் இந்தப் பயிற்சியின் லாபம். வழக்கமாக எங்கே தவறுவோம் என்று சொல்கிறேன்.

ஒன்று, மின்னோட்டத்தின் உச்ச மதிப்பைத்தான் ஃபெம் கேட்கும். மீட்டர் காட்டும் ஆர்.எம்.எஸ். மதிப்பை அப்படியே கொடுத்தால் விசை பாதியாகிவிடும். கேள்வித்தாளில் எந்த மதிப்பு இருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள்.

இரண்டு, சுற்றியுள்ள காற்றை ஒரு சிறிய பெட்டிக்குள் அடைத்துவிடுவது. காந்தக் கோடுகள் வெகுதூரம் பரவும். பெட்டி சிறியதாக இருந்தால் அவை நெருக்கப்பட்டு விசை மாறிவிடும். திறந்த வெளியைப் போல நடந்துகொள்ளும் எல்லையை அமைக்க ஃபெம்மில் வசதி உண்டு.

மூன்று, மெஷ். காயிலுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள காற்று இடைவெளியில் ஒரே வரிசை முக்கோணம் இருந்தால் விசையை நம்ப முடியாது. மெஷ்ஷை இன்னும் பொடியாக்கிப் பாருங்கள். விடை மாறுகிறதா? மாறினால் இன்னும் பொடியாக்குங்கள். மாறாத வரைக்கும் போக வேண்டும்.

தட்டு எழும்பி ஆடி அடங்குவதையும் முழுதாகப் பார்க்க ஆசையா? ஃபெம் அதற்கு நேரடியாக உதவாது. பின்லாந்தின் சி.எஸ்.சி. உருவாக்கி, 2005-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட 'எல்மர்' இருக்கிறது. காந்தம், வெப்பம், வளைவு என்று பல கணக்குகளைச் சேர்த்துப் போடும். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒன்றரை விநாடி ஆட்டத்தை அரை மில்லி விநாடி இடைவெளியில் கணக்கிட்டால் 3,000 முறை காந்தக் கணக்கைப் போட வேண்டும். முறைக்கு 2 விநாடி என்று வைத்தாலும் 1 மணி 40 நிமிடம்தான். ஒரு சினிமா பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இது கம்ப்யூட்டரில் போட வேண்டிய கணக்கு. 20 ஆம்பியர் காயிலை வீட்டு பிளக்கில் மாட்டிச் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள்.

கையால் செய்து பார்க்க

கையால் செய்ய வேண்டும் என்றால் நான் முன்பு சொன்ன குழாயே போதும். ஒரு செம்புக் குழாய், அதற்குள் உரசாமல் போகும் வட்ட நியோடிமியம் காந்தம், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். ஆய்வுக்கூடம் தயார்! (இந்தக் காந்தங்களைச் சிறு குழந்தைகள் கையில் கிடைக்காமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஹார்ட் டிஸ்க் பக்கமும் கொண்டு போகாதீர்கள்.)

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விழுந்தால் 0.45 விநாடியில் தரையைத் தொடும். குழாய்க்குள் அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள்.

ஃபெம்மில் காந்தத்தை மட்டும் வரையுங்கள். குழாய்ச் சுவர் இருக்கும் தூரத்தில், மேலிருந்து கீழாக ஒவ்வொரு மில்லி மீட்டரிலும் வளையத்தின் வழியே போகும் காந்தப் பாயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை எக்செலில் போடுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம், அதன் வர்க்கம், குழாயின் கடத்துதிறன், சுவர்த் தடிமன் ஆகியவற்றிலிருந்து தடுப்பு விசை எவ்வளவு என்று கிடைத்துவிடும். எந்த வேகத்தில் தடுப்பு விசையும் எடையும் சமமாகின்றனவோ, அந்த வேகத்தில்தான் காந்தம் இறங்கும். காந்தக் கணக்கையும் அசைவுக் கணக்கையும் உங்கள் கையாலேயே இணைத்துவிட்டீர்கள்!

இப்போது இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். ஒத்துப் போகவில்லையா? நல்லது. இனிமேல்தான் பாடம் ஆரம்பம்.

காந்தத்தை ஒரு புள்ளியாகப் பாவிக்கும் சுருக்கச் சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி, இறங்கும் வேகம் குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 7.5 மி.மீ. என்று எழுத வேண்டிய ஆரத்தை 8.5 என்று எழுதிவிட்டால், வேகம் ஏறத்தாழ 65 சதவிகிதம் கூடிவிடும். ஒரே ஒரு மில்லி மீட்டர்! வெர்னியர் காலிபரைக் கையில் எடுக்காதவருக்கு இது எப்படித் தெரியும்?

அடுத்தது, பொருளின் குணம். தூய செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு 5 கோடியே 80 லட்சம் சீமென்ஸ் என்று சாப்ட்வேரின் பட்டியலில் இருக்கும். ஆனால் ஏ.சி. மெக்கானிக்கிடம் வாங்கிய குழாய் பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த செம்பு. அதன் கடத்துதிறன் இதைவிடக் குறைவு. அலுமினியக் கலவை என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம். பட்டியலில் 'செம்பு' என்று கிளிக் செய்வதும் கையில் இருக்கும் செம்பும் ஒன்றல்ல.

இன்னொரு சுலபமான சோதனை. காந்தத்தோடு அதே எடையுள்ள பித்தளைத் துண்டை ஒட்டி விடுங்கள். எடை இரட்டிப்பாகும், காந்த சக்தி அப்படியே இருக்கும். மெதுவாக இறங்கும் காந்தம் என்றால் இப்போது நேரம் ஏறக்குறைய பாதியாக வேண்டும். அளந்து பாருங்கள். பாதியாக வந்தால் உங்கள் கணக்கின் அடிப்படை சரி. வராவிட்டால் காந்தம் எங்காவது உரசுகிறதா என்று தேடுங்கள்.

பெரிய இடத்திலும் இதே கதை

"இதெல்லாம் பிள்ளைகள் விளையாட்டு, பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டரை நம்பித்தானே செய்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். மின்வாரியங்களின் பெரிய டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். லைனில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். விசையோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் 10 மடங்கானால் காயில்களைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை 100 மடங்கு. சுற்றுகள் நெளிந்தால் டிரான்ஸ்பார்மர் போனது போனதுதான்.

இதைத் தயாரிப்பவர்களிடம் நல்ல சாப்ட்வேரும் உண்டு, அனுபவசாலிகளும் உண்டு. அப்படியும் நெதர்லாந்தின் கெமா சோதனைக்கூடத்துக்கு வந்த பெரிய டிரான்ஸ்பார்மர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் ஷார்ட் சர்க்யூட் சோதனையில் தேறவில்லை என்று அவர்களே தங்கள் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றை வடிவமைத்தவர்களும் கணக்குப் போட்டுத்தானே அனுப்பியிருப்பார்கள்? நம் நாட்டில் பெங்களூரில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இதே சோதனையைச் செய்கிறது. சோதனைக்குப் பதில் கணக்கைக் காட்டவும் ஐ.இ.சி. 60076-5 என்ற சர்வதேசத் தர விதியில் இடம் உண்டு. அங்கேயும், ஏற்கெனவே சோதனையில் தேறிய அதே மாதிரி டிரான்ஸ்பார்மரோடு ஒப்பிட்டுக் காட்டுவது சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று. வெறும் வண்ணப் படத்தைக் காட்டிவிட்டுப் போக முடியாது.

மறுப்புகளுக்குப் பதில்

"அளக்க முடியாததற்குத்தானே சிமுலேஷனே?" என்பது நியாயமான கேள்வி. ஆமாம். ஆனால் அளக்க முடிந்த ஒன்றில் தேறிய கைதான், அளக்க முடியாத ஒன்றைத் தொடலாம். தெரிந்த எடையை வைத்துத் தராசைச் சரிபார்த்த பிறகுதானே அரிசியை நிறுக்கிறோம்?

"விலை அதிகமான சாப்ட்வேரில் போட்டால்தான் மதிப்பு" என்பது அடுத்தது. இந்த ஒரு நம்பிக்கைதான் நம் பிள்ளைகளைக் 'கிராக்' செய்த சாப்ட்வேரைத் தேடி அலைய வைக்கிறது. கூடவே வைரஸ் வருகிறது, சட்டப்படியும் தவறு. 28-ஆவது கேள்விக்கு 1.05 என்று விடை தரும் இலவச சாப்ட்வேர், அளவே சரிபார்க்காமல் 3 என்று காட்டும் லட்ச ரூபாய் சாப்ட்வேரை விட உயர்ந்தது. பெரிய கம்பெனிகளின் சாப்ட்வேர் தரமானதுதான், அதில் சந்தேகமே இல்லை. முறையாகக் கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அதன் பெயரை அட்டையில் போடுவது நிரூபணம் ஆகாது.

"எங்கள் கம்ப்யூட்டர் தாங்காது" என்பது மூன்றாவது. முப்பரிமாணக் கணக்கு என்றால் உண்மைதான். மெஷ்ஷின் அளவைப் பாதியாக்கினால் தட்டையான கணக்கில் துண்டுகள் 4 மடங்காகும், முப்பரிமாணத்தில் 8 மடங்காகும். ஆகவேதான் வட்டமான பொருளில் தொடங்குங்கள் என்கிறேன். அதற்கு உங்கள் வீட்டு லேப்டாப் தாராளம்.

ஒரே ஒரு பக்கம்

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் சிறியது. காந்தமும் அசைவும் சேர்ந்த எந்த ப்ராஜெக்டிலும் ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். ஒரு பக்கம் கணக்கிட்ட எண், மறுபக்கம் அளந்த எண், நடுவில் வித்தியாசம், அது ஏன் வந்தது என்று நான்கு வரி. வித்தியாசம் 20 சதவிகிதம் இருந்தாலும் பரவாயில்லை, காரணத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டில் இந்த ஒரு பக்கத்தை எழுதுவது கஷ்டம். அளந்தவருக்குத்தானே காரணம் தெரியும்?

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ திரையில் வண்ணப் படத்தைக் காட்டினால் பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, "இதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். காந்தவியல் தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்விதான் இது.

மாணவர்களே, இந்த வார இறுதியில் ஃபெம்மை டவுன்லோட் செய்யுங்கள். 28-ஆவது கேள்வியைத் தேடி எடுங்கள். 1.05 வரும்வரை விடாதீர்கள். எத்தனை முறை தவறினீர்கள், எங்கே தவறினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில், பைண்டிங் செய்த புத்தகத்தை விட அந்த நோட்டைக் காட்டிப் பேசுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.